கண்ணாடி வீட்டைப் படமெடுப்பது எப்படி: ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம்

சிகாகோ நகருக்குத் தென்மேற்கே, இல்லினாய் மாநிலத்தின் பிளேனோ என்ற சிற்றூரை ஒட்டி, ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் ஒரு வீடு இருக்கிறது. மருத்துவர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் வார இறுதிகளில் வந்து தங்குவதற்காக கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து, 1951-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த வீட்டுக்கு நான்கு புறமும் கண்ணாடியே சுவர். வெள்ளை வண்ணம் பூசிய எட்டு எஃகுத் தூண்கள், அவை தாங்கும் ஒரு தளம், ஒரு கூரை, நடுவே சமையலறையும் கணப்பும் ஒட்டியிருக்கும், மரப்பலகை போர்த்திய ஒரு கட்டு ஆகியவற்றைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. இவ்வளவு எளிமையான கட்டடத்தைப் படமெடுப்பதும் எளிதாகத்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. அலங்காரம் நிறைந்த கட்டடத்தில் கேமரா அரை டிகிரி சாய்ந்திருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நேர்கோடுகளைத் தவிர வேறெதுவும் இல்லாத இந்த வீட்டிலோ அந்த அரை டிகிரி முதல் பார்வையிலேயே கண்ணை உறுத்தும்.

இங்கே படத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை இரண்டே முடிவுகள் என்பது என் உறுதியான எண்ணம். கேமராவை எந்த உயரத்தில் வைப்பது என்பது ஒன்று. கண்ணாடியை ஊடுருவிப் பார்க்கும் பரப்பாகக் காட்டுவதா, எதிரே உள்ளதைப் பிரதிபலிக்கும் பரப்பாகக் காட்டுவதா என்பது மற்றொன்று. எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்ற கேள்விகள் இவற்றுக்குப் பின்னால்தான் வரவேண்டும்.

அனுமதியும் வெயிலும்

எடித்திடமிருந்து இந்த வீடு 1972-இல் பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் பலம்போவின் கைக்கு மாறியது. 2003-இல் ஏலத்துக்கு வந்தபோது பாதுகாப்பு அமைப்புகள் நிதி திரட்டி அதை வாங்கின. அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை இன்று அதை அருங்காட்சியகமாக நடத்திவருகிறது. எனவே நினைத்த நேரத்தில் போய் முக்காலியை விரிக்க முடியாது. முன்பதிவு செய்வதற்கு முன்பே நிர்வாகத்துக்கு எழுதி, உள்ளே படமெடுக்கலாமா, முக்காலி வைக்கலாமா, மாலை நேர அனுமதி உண்டா, டிரோன் பறக்கவிடலாமா என்று ஒவ்வொன்றையும் தெளிவாகக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். படங்களை விற்கவோ விளம்பரத்துக்குத் தரவோ எண்ணமிருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. சொந்தப் பயனுக்கான அனுமதி வணிகத்துக்குச் செல்லாது. ஆற்றின் நிலையையும் புறப்படுவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும். 1954, 1996, 2008 ஆகிய ஆண்டுகளில் ஃபாக்ஸ் ஆறு பெருக்கெடுத்து வீட்டுக்குள்ளேயே வெள்ளம் புகுந்திருக்கிறது. ஆறு கரைபுரளும் நாள்களில் வளாகம் திறந்திருக்கும் என்று நம்பிப் பயணப்பட வேண்டாம்.

வீடு கிழக்கு மேற்காக நீண்டிருக்கிறது. அதன் நீண்ட முகம் தெற்கே ஆற்றைப் பார்க்கிறது. மேற்கு முனையில் கூரை மட்டும் உள்ள, கண்ணாடி இல்லாத திறந்த முற்றம், அங்கிருந்துதான் வாசல். இந்தத் திசையமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் வெயிலைக் கணக்கிடுவது கடினமல்ல. பிளேனோ ஏறத்தாழ 41.7 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால், நண்பகல் சூரியன் ஜூன் இறுதியில் 72 டிகிரி உயரத்திலும், மார்ச், செப்டம்பர் மாதங்களின் சம இரவு நாள்களில் 48 டிகிரியிலும், டிசம்பர் இறுதியில் 25 டிகிரியிலும் நிற்கும். தெற்குப் பக்கத்தில் கண்ணாடியைத் தாண்டி நிழல் தரும்படியான இறவாரம் கிடையாது. உட்கூரையின் உயரம் 9.5 அடி. ஆகவே மரங்கள் மறைக்காத இடத்தில் ஜூன் மாத நண்பகல் வெயில் தரையில் 3 அடி அளவுக்கு மட்டுமே உள்ளே விழும். சம இரவு நாளில் அதுவே எட்டரை அடிக்கும், டிசம்பரில் ஏறத்தாழ 20 அடிக்கும் நீளும். தரையில் ஒளி படர்வதைக் காட்ட விரும்புபவர் இலையுதிர்காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணியை ஒட்டித்தான் என்பதையும் மறக்கக் கூடாது. வடக்கு முகத்தில் நேர் வெயில் வேண்டுமென்றால் அது கோடையின் அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் மட்டுமே கிடைக்கும். அந்த மாதங்களில் சூரியன் வடகிழக்கில் எழுந்து வடமேற்கில் மறைகிறது.

பளிச்சென்ற நீல வானமும் நேர் வெயிலும் இந்த வீட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. வெள்ளை எஃகின் வெயில்பட்ட பகுதி விவரமின்றி வெளுத்துப்போக, தளத்துக்கு அடியிலுள்ள நிழல் கரியாகிவிடுகிறது. மெல்லிய மேகம் மூடிய அக்டோபர் நாள் ஒன்றில், மரங்கள் நிறம் மாறியிருக்கும்போது, உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே ஒளியில் இருக்கும். வெளியே நிறங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் வீட்டுக்குள் நடுநிலையான நிறங்களே தகும் என்று மீஸ் கருதியதன் பொருள் அந்த ஒளியில்தான் படத்தில் தெரியவரும்.

கேமராவின் உயரம்

ஆறு பெருகும் என்பதை அறிந்தே மீஸ் இந்த வீட்டின் தளத்தைத் தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி 3 அங்குல உயரத்தில் அமைத்தார். புல்வெளியில் நிற்கும் சராசரி உயரமுள்ள ஒருவரின் கண்மட்டமும் ஏறத்தாழ அதுவே. இதன் விளைவைப் படமெடுப்பவர் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். கேமராவை வழக்கம்போல் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் தளத்தின் மேற்பரப்பும் தெரியாது, அடிப்பரப்பும் தெரியாது. அதன் வெள்ளை விளிம்பு மட்டும் ஒரு பட்டையாகப் படத்தின் குறுக்கே ஓடும். வீடு மிதப்பது போன்ற தோற்றம் மிகத் தூய்மையாகக் கிடைப்பது இந்த உயரத்தில்தான். முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் தளத்தின் அடிப்பாகம் இருண்டு தெரிந்து, வீடு கனமானதாக மாறிவிடும். ஓர் அடி உயர்த்தினால் தரைக்கல்லின் மேற்பரப்பு மெல்லத் திறந்து, உள்ளே நடக்க இடமிருக்கிறது என்ற உணர்வு வரும். நிலம் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இல்லாததால், நிற்கும் இடம் மாறும்போதெல்லாம் தள விளிம்பைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, முக்காலியின் நடுத்தண்டை அங்குலம் அங்குலமாகத் திருத்துங்கள். வீட்டின் முதல் படத்தை மிதக்கும் தோற்றத்துக்கான இந்த உயரத்தில் எடுத்துவிட்டு, பிறகு மற்ற உயரங்களுக்குச் செல்லும்படி பரிந்துரைக்கிறேன்.

கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல் மட்டமாக வைத்தால்தான் தூண்கள் செங்குத்தாக நிற்கும். மட்டமாக வைத்ததும் படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் புல்லால் நிரம்பும் என்பது இதிலுள்ள சிக்கல். ஷிஃப்ட் லென்ஸ் இருப்பவர்கள் கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி இதைச் சரிசெய்துகொள்ளலாம். இல்லாதவர்கள் சற்றே அகலமான லென்ஸில் மட்டமாக எடுத்து, வேண்டாத புல்லைப் பின்னர் வெட்டிவிடலாம். சாய்த்து எடுத்துவிட்டு மென்பொருளில் நிமிர்த்துவதைக் காட்டிலும் இதுவே மேல், ஏனென்றால் நிமிர்த்தும்போது கண்ணாடிக் கட்டங்களின் உயர அகல விகிதம் மாறுகிறது, இந்த வீட்டின் உயிரே அந்த விகிதத்தில் இருக்கிறது.

அதே காரணத்துக்காக மிக அகலமான லென்ஸ்களையும் தவிர்க்கச் சொல்வேன். வீட்டின் நீளம் 77 அடி. 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சாரில், 50 மி.மீ. லென்ஸைக் கொண்டு வீட்டை நேர் எதிரிலிருந்து எடுத்தால், அது சட்டகத்தை முழுக்க நிரப்புவதற்கு ஏறத்தாழ 107 அடி தள்ளி நிற்க வேண்டும். அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் வீடும் மற்றது மரங்களும் வேண்டுமென்றால் 160 அடி. தெற்கில் ஆறு குறுக்கிடுவதால் அவ்வளவு பின்வாங்க முடியாத இடங்களில் 35 மி.மீ. லென்ஸுக்கு மாறினால் 112 அடியில் அதே படம் கிடைக்கும். 24 மி.மீ. லென்ஸைக் கொண்டு மூலையிலிருந்து எடுக்கும் படங்களில் அருகிலுள்ள தூண் பெருத்து, எதிர்முனை சுருங்கிப்போகும். விற்பனை விளம்பரப் படங்களில் அது பரவாயில்லை, இங்கே அது கட்டடத்தைத் தவறாகக் காட்டுவதாகும்.

நேர் எதிரில் நிற்பதற்குத் தரைக்கற்களே துணை செய்கின்றன. உள்ளும் வெளியும் ஒரே தொடர்ச்சியாகப் பாவப்பட்டுள்ள டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக்கல் வகைக் கற்கள் ஒவ்வொன்றும் 33 அங்குல நீளமும் 24 அங்குல அகலமும் கொண்டவை. தூணுக்கும் தூணுக்கும் இடையேயுள்ள 22 அடியில் சரியாக எட்டுக் கற்கள் அடங்கும். இரு முனைகளிலும் தூணைத் தாண்டி நீளும் ஐந்தரை அடியில் இரண்டிரண்டு கற்கள். கல் இணைப்புகளை எண்ணி, நடு இணைப்புக்கு நேராகக் கேமராவை நிறுத்திவிட்டால், அளவுநாடா இல்லாமலேயே சமச்சீர் கிடைத்துவிடும். முழுச் சமச்சீர் மட்டுமே அழகு என்று எண்ணிவிடவும் வேண்டாம். மேற்கே திறந்த முற்றம், அதற்கும் தெற்கே சற்றுத் தாழ்ந்த மட்டத்தில் விலகி நிற்கும் மேடை, இரண்டையும் இணைக்கும் மிதக்கும் படிகள் என்று மீஸே சமநிலையை வேண்டுமென்றே நகர்த்தியிருக்கிறார். தென்மேற்கிலிருந்து பார்க்கும்போது மேடை, தளம், கூரை என்று மூன்று கிடைப்பலகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விலகித் தெரியும் இடம் ஒன்று உண்டு. மெதுவாக நடந்து அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

கண்ணாடி

பகலில் வெளியிலிருந்து பார்க்கும்போது கண்ணாடி எங்கே ஊடுருவிக் காட்டும், எங்கே பிரதிபலிக்கும் என்பது அதில் விழும் பிம்பத்தின் ஒளியைப் பொறுத்தது. உங்களுக்குப் பின்னால் வெளிறிய வானம் இருந்தால் அதன் பிம்பம் அறையை மறைத்துவிடும். பின்னால் அடர்ந்த மரம் இருந்தால், அந்த மரத்தின் உருவ அளவுக்குக் கண்ணாடியில் ஓர் இருண்ட பகுதி உண்டாகி, அதன் வழியே மட்டும் உள்ளே இருக்கும் மரக்கட்டும் நாற்காலிகளும் துலங்கும். இதை ஒருமுறை நேரில் கவனித்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் மரத்தின் பிம்பமும் நகரும். எனவே அறையின் எந்தப் பகுதி தெரிய வேண்டுமோ அங்கே ஒரு மரத்தின் இருளைக் கொண்டுவந்து நிறுத்த முடியும். வெளியிலிருந்து எடுக்கும் நல்ல படங்களில் பாதிக் கண்ணாடி திறந்தும் பாதி மூடியும் இருப்பதைத்தான் நான் விரும்புகிறேன். கண்ணாடியே இல்லாதது போலத் தெரியும் படம் எலும்புக்கூட்டை மட்டுமே காட்டுகிறது.

போலரைசர் ஃபில்டர் எல்லாப் பிரதிபலிப்பையும் நீக்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. கண்ணாடிப் பரப்போடு ஏறத்தாழ 34 டிகிரி கோணத்தில் பார்க்கும்போதுதான் அது முழு வீச்சில் வேலை செய்யும். நேர் எதிரில் நின்றால் பயனே இல்லை. அகலமான லென்ஸில் ஒரே கண்ணாடியின் ஒரு முனை தெளிந்தும் மறுமுனை மங்கியும் போவதால், ஃபில்டரை முழுவதும் திருப்பாமல் பாதியளவில் நிறுத்துவது நல்லது. நேர் எதிரில் நிற்கும்போது உங்கள் பிம்பமும் விழும்; கறுப்பு உடை அணிந்து, முக்காலியை விட்டு விலகித் தொலைவிலிருந்து ஷட்டரை இயக்குங்கள்.

ஒளியளவைப் பொறுத்தவரை, கேமரா வெள்ளையைச் சாம்பல் நிறமாக்க முயலும் என்பதால் வெள்ளை எஃகு சட்டகத்தில் பெரும்பகுதியை அடைத்திருக்கும்போது ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது ஒளியை இரட்டிப்பாக்கும் ஒரு படி அளவுக்கு, கூட்ட வேண்டியிருக்கும். ஆனால் வெயில் விழும் விளிம்பு எல்லை தாண்டிவிட்டதா என்று ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்தே முடிவு செய்யுங்கள், கேமரா சுருக்கித் திருத்தாத ரா கோப்பாகவே பதிவு செய்யுங்கள். கோடையில் புல்லின் பச்சை மேலெழுந்து முற்றத்தின் உட்கூரையில் படிந்திருக்கும். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை அந்த உட்கூரையை வைத்து அமைத்தால் மற்ற இடமெல்லாம் செம்மையேறிவிடும். வானொளி நேராக விழும் கூரை விளிம்பை வைத்து அமையுங்கள். உட்கூரையில் எஞ்சும் இளம்பச்சையை அப்படியே விட்டுவிடலாம், அது அங்கே உண்மையாகவே இருக்கிறது.

அருகே சென்று எடுக்க வேண்டியது ஒன்று உண்டு. தூண்கள் கூரையைக் கீழிருந்து தாங்கவில்லை. கூரை விளிம்பின் வெளிப்புறத்தில் ஒட்டி நிற்கின்றன, அதன் உச்சியைத் தொடாமல் சற்றுக் கீழேயே முடிந்துவிடுகின்றன. பற்றவைப்பின் தடமே தெரியாதபடி தேய்த்து, மணல் பாய்ச்சி, வண்ணம் பூசியிருப்பதால் எஃகு எதனால் நிற்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. 85 அல்லது 100 மி.மீ. லென்ஸில், வெயில் பக்கவாட்டில் சரியும் நேரத்தில் அந்தச் சந்திப்பை எடுங்கள். தூணின் முனையிலிருந்து விளிம்பின் மீது விழும் மெல்லிய நிழல்தான் இரண்டும் தனித்தனிப் பொருள்கள் என்பதைச் சொல்லும். மேகமூட்டத்தில் அந்த நிழல் இல்லாமல் படம் தட்டையாகிவிடும். மேகமூட்டமே சிறந்தது என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு.

உள்ளே

உள்ளே படமெடுக்க அனுமதி கிடைத்தால், முக்காலியின் கால்களுக்கு ரப்பர் உறை போடாமல் டிராவர்டைன் மீது வைக்காதீர்கள். கூர்முனை கீறிய தடத்தை அந்தக் கல்லிலிருந்து எளிதில் அகற்ற இயலாது. திரைச்சீலை, நாற்காலி எதையும் நீங்களாக நகர்த்தக் கூடாது. தேவையிருந்தால் வழிகாட்டியிடம் கேளுங்கள்.

உட்கூரை ஒன்பதரை அடி உயரத்தில் இருப்பதால், கேமராவை 4 அடி 9 அங்குலத்தில் வைத்தால் தரையும் கூரையும் சம அளவில் விரிந்து, பார்வை இரண்டுக்கும் நடுவே தங்குதடையின்றி மரங்களை நோக்கி ஓடும். இதுவே உட்புறத்துக்கு நான் சொல்லும் அடிப்படை உயரம். இருக்கைகளை மட்டும் எடுக்கும்போது 4 அடிக்கு இறக்கிக்கொள்ளலாம். மேற்கு வாசலருகே நின்று கிழக்கே பார்த்தால் இடப்பக்கம் பிரைமவேரா மரப்பலகை போர்த்திய நடுக்கட்டும் அதன் கணப்பும், வலப்பக்கம் ஆற்றோர மரங்களும் அமையும். அந்தக் கட்டின் மரப்பலகைகள் கூரையைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்பது சட்டகத்தில் தெரிவது முக்கியம். அதை வெட்டிவிட்டால் கட்டு ஒரு சாதாரணச் சுவராகத் தோன்றும். சமையலறை கட்டின் வடபுறத்தில் ஒடுக்கமாக இருப்பதால் அதை நீளவாட்டில் எடுப்பதைத் தவிர வழியில்லை.

சாதாரண வீட்டில் சன்னலுக்கு வெளியே இருக்கும் ஒளிக்கும் உள்ளே இருக்கும் ஒளிக்கும் பெரும் இடைவெளி இருக்கும். இங்கே நான்கு புறமும் ஒளி நுழைவதால் அந்த இடைவெளி குறைவு. இரண்டு ஸ்டாப் வித்தியாசத்தில் மூன்று படங்கள் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். அவற்றைத் தானியங்கியாக இணைக்கும்போது உள்ளும் வெளியும் ஒரே அளவு பிரகாசமாகி, கண்ணாடிக்கு அப்பால் ஒட்டிவைத்த சுவரொட்டி போலத் தோன்றும். கையால் இணைத்து, வெளிப்புறத்தை ஒரு ஸ்டாப் அளவு கூடுதல் ஒளியோடு விடுங்கள். குளிர்நாள்களில் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் நீராவி படிந்து மங்கக்கூடும். வெளியே குளிர்ந்த லென்ஸும் உள்ளே வந்ததும் மங்கும் என்பதால், கேமராவைப் பைக்குள்ளேயே சற்று நேரம் வைத்திருந்துவிட்டு எடுங்கள்.

அந்தி

மாலை அனுமதி கிடைத்தால் சூரியன் மறைந்த பின் வரும் அரைமணி நேரத்தை வெளியில் செலவிடுங்கள். அப்போது உள்விளக்கின் ஒளி வானத்தின் ஒளியைச் சமன்செய்ய, கண்ணாடி எல்லாப் பக்கமும் திறந்துகொள்ளும். அதே நேரத்தில் உள்ளே நிற்பவருக்குக் கண்ணாடி கருத்த நிலைக்கண்ணாடியாகிவிடும். ஆகையால் உட்புறப் படங்களை அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். முக்காலியை நகர்த்தாமல், சில நிமிடங்களுக்கு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே இருங்கள். வானத்துக்கு ஒரு படத்தையும் விளக்கொளிக்கு இன்னொரு படத்தையும் பின்னர் இணைக்கலாம். இது கணினி வந்த பிறகு தோன்றிய தந்திரம் அல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் மலைமேல் பியர் கோனிக் கட்டிய கண்ணாடி வீட்டை 1960-இல் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்தபோது, நகர விளக்குகளுக்காக ஏறத்தாழ 7 நிமிடம் ஃபிலிமை ஒளிக்குக் காட்டிவிட்டு, பிறகு அதே ஃபிலிமில் வீட்டுக்குள் ஃபிளாஷ் விளக்கை எரியவிட்டுப் படத்தை முடித்தார். வெள்ளைச் சமநிலையை 4000 கெல்வின் அளவில் வைத்தால் வானம் நீலமாகவும் உள்ளே இளமஞ்சளாகவும் நிற்கும். மஞ்சளை முழுவதும் நீக்க முயன்றால் பிரைமவேரா மரம் வெளிறிவிடும்.

பழைய படங்களைப் பார்த்துவிட்டு அவற்றையே மறுபடி எடுக்க முயல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கட்டி முடித்த காலத்துப் படங்களில் தென்புறத்தில் வீட்டின் மேல் கவிந்து நிற்கும் பெரிய மேப்பிள் மரம் இப்போது இல்லை. முதுமையில் நலிந்த அதை அகற்றிவிட்டார்கள். அந்த மரம் இருந்த இடத்தில் வெற்று வானம் பிரதிபலிப்பதால் தெற்குக் கண்ணாடியின் தோற்றமும் மாறியிருக்கிறது. அறைக்கலன்களும் அப்படித்தான். மீஸ் வடிவமைத்த நாற்காலிகள் பலம்போ காலத்தில் வந்தவை. எடித் தம் விருப்பப்படி வேறு அறைக்கலன்களையே வைத்திருந்தார். கண்காட்சிகளுக்காக உள்ளமைப்பை மாற்றுவதும் உண்டு. எனவே படத்தின் குறிப்பில் எடுத்த நாள், நின்ற திசை, அன்று உள்ளே இருந்த அறைக்கலன் எக்காலத்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். வீட்டின் பெயரையும் முழுமையாக எழுதுங்கள்: 2021 முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம்.